ஆறு ஞாயிறுகள்

இந்தத் தவக்காலம் முழுக்க டீயைத் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகப் போய் மாட்டிக்கொண்டது. சாம்பல் புதனிலிருந்து மூன்றாம் நாளே நெற்றிப்பொட்டில் தலைவலி இடித்தது. மூன்று நாளில் கடவுளை நினைத்ததைவிட டீயை நினைத்ததுதான் அதிகம். வகுப்பில் ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறிய ஒரு வாயில்லாப் பூச்சியைப் போய் அதட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் அறையில் யாரோ ஏலக்காய் தட்டிப்போட்ட டீ கொண்டுவந்தார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, புதிதாக வந்திருக்கும் சின்ன டீச்சர் ஆறுதலாகத்தான் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை குடிக்கலாமே, அது நோன்புக் கணக்கில் வராதாமே என்று. நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், நல்ல பெண். மதியம் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், காரணத்தைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஏலக்காய் வாசம் என்றால் எனக்கு அப்பாவின் ஜீப். கம்பத்திலிருந்து மெட்டு மலைப்பாதை ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்களைக் காலையில் ஏற்றிப்போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து இறக்குவார். சீட்டு, தார்ப்பாய், அவர் சட்டை எல்லாம் அந்த வாசம்தான். அதற்குமேல் பிராந்தி வாடை. அடிக்கிற மனிதர் இல்லை. ஆனால் குடித்துவிட்டு வந்தால் எதற்கென்றே தெரியாமல் சோற்றுத் தட்டு வாசலில் போய் விழும். அம்மா போய் எடுத்துக் கழுவிக் கவிழ்ப்பாள்.

தவக்காலம் வந்தால் அந்த மனிதரே வேறு. சாம்பல் புதனன்று காலைப் பூசையில் நெற்றியில் பூசிய சாம்பலோடு ஜீப்பில் ஏறுவார். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை ஒரு சொட்டு கிடையாது. யாரும் சத்தியம் வாங்கவில்லை, அவராக ஆண்டவரிடம் கொடுத்த வாக்கு. ஊரே கறி மீனை ஒதுக்கிவிட்டு, ஒரு வேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்து முகம் வாடிக் கிடக்கும். எங்கள் வீட்டுக்கு மட்டும் அதுதான் பண்டிகை. மற்றப் பிள்ளைகள் ஈஸ்டர் எப்போது வரும் என்று நாள் பார்ப்பார்கள். நான் அது வரக்கூடாதே என்று முழங்காலில் நின்று வேண்டுவேன். உயிர்த்தெழ வேண்டாம் என்று ஆண்டவரிடமே கேட்ட கத்தோலிக்கப் பிள்ளை இந்தப் பள்ளத்தாக்கில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பக்கத்து வீட்டு ஈஸ்வரி அத்தைக்கும் இதே கதை, மாதம்தான் வேறு. அவர் வீட்டுக்காரர் கார்த்திகையில் மாலை போட்டால் சபரிமலை போய்த் திரும்பும்வரை குடிக்க மாட்டார். அத்தை அம்மாவிடம் சொல்வார், "ஒங்க சாமியும் எங்க சாமியும் பேசி வச்சு, ஒண்ணு முடிஞ்ச கையோட இன்னொண்ண ஆரம்பிச்சா வருசம் ஓடிரும்க்கா." அம்மா சிரித்து நான் பார்த்ததே அந்த மாதிரிப் பேச்சுகளுக்குத்தான்.

அதிலும் ஞாயிற்றுக்கிழமை. அன்று தோட்டத்துக்கு வண்டி கிடையாது என்பதால், மற்ற மாதங்களில் அப்பா காலையிலேயே ஆரம்பித்துவிடுகிற நாள் அது. தவக்காலத்தில் மட்டும், பூசையும் மறைக்கல்வி வகுப்பும் முடிந்து மதியச் சாப்பாடு ஆனதும், அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்கு ஜீப்பைக் கழுவக் கொண்டுபோவார். அம்மாதான் முன்சீட்டு. வழியில் பன்னீர்த் திராட்சை வாங்கி அவள் மடியில் போடுவார். இருவரும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவர் பக்கத்தில் பயமில்லாமல் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் போதுமாக இருந்தது.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது அது முடிந்தது. முடித்துவைத்தவள் நான்.

தவக்காலம் நாற்பது நாள் என்று எல்லோரும் வாயால் சொல்வோமே தவிர, எங்கள் ஊரில் ஒருத்தரும் எண்ணிப் பார்த்ததில்லை. இரண்டாம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் காலண்டரைக் கொடுத்து எண்ணச் சொன்னார். நாற்பத்தாறு வருகிறதே என்று முதலில் எழுந்தவள் நான். ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அன்று நோன்பு இல்லை, ஆறு ஞாயிறைக் கழித்துப் பார் என்றார். கழித்தேன். எனக்கு ஒரு மாதா படம் பரிசு. தலைகால் புரியாமல் வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூச்சு விடாமல் ஒப்பித்தேன். பிசைந்த சோற்றில் கையை வைத்தபடியே நிமிர்ந்தார்.

"நெசமாவா பாப்பா? யாரு சொன்னாக?"

"சிஸ்டர் சொன்னாகப்பா. ஞாயித்துக்கெழம கணக்குல வராதாம்."

அம்மா என் தொடையில் கிள்ளினாள். எதற்குக் கிள்ளுகிறாள் என்று தெரியாமல், சாட்சிக்கு மாதா படத்தையும் எடுத்துக் காட்டினேன். இப்போது நினைத்தாலும் என்னையே நாலு சாத்துச் சாத்தலாம் போல இருக்கிறது. அப்பா மிச்சத்தைச் சாப்பிட்டார், கை கழுவினார், கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு தனியாகப் போனார்.

திங்களிலிருந்து சனி வரை ஒழுங்காகத்தான் இருந்தார். நோன்பை முறித்ததாக அவர் நினைக்கவே இல்லை, அதுதான் கொடுமை. சனிக்கிழமை சாயங்காலம் நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போய், சிஸ்டர் தப்பாகச் சொல்லிவிட்டார்களாம், ஞாயிறும் சேர்த்திதானாம் என்றேன். அவர் என் தலையில் கை வைத்தார். கோபமே இல்லை.

"தவக்காலத்துல பொய் சொல்லக் கூடாது பாப்பா."

அடுத்த ஞாயிறுக்கு மறுநாள் ஸ்டியரிங் பிடிக்கக் கை நடுங்குகிறது என்று மருந்துக்குக் கொஞ்சம் குடித்தார். குருத்தோலை ஞாயிறு வரும்போது எங்கள் வீட்டில் ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் வித்தியாசம் இல்லை. அடுத்த வருடம் சாம்பல் மட்டும் பூசிக்கொண்டு வந்தார், வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார்.

யாரைக் குற்றம் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். சிஸ்டர் சொன்னது சரி. சட்டப்படி அப்பா செய்ததும் சரி. ஆசைகளைக் கடவுள் பக்கம் திருப்பி வைப்பதுதான் நோன்பு என்று பிரசங்கத்தில் வருடா வருடம் கேட்கிறேன். அப்பா தன் ஆசையைத் திருப்பவில்லை, ஒத்திப்போட்டிருந்தார், அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதையில் முழங்காலிட்டு, பாட்டு வராமல் அழுத மனிதரைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு தூரம் வந்தவர் இன்னும் இரண்டு எட்டு வைத்திருக்கக் கூடாதா? கடவுளும்தான் கொஞ்சம் கையைப் பிடித்து வைத்திருக்கலாம். இந்த வயதிலும் ஆத்திரமாக வருகிறது.

அம்மா இதைப் பற்றி என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. அவளுடைய கடைசித் தவக்காலத்தில் ஒருநாள், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம், என்மேல் கோபமா என்று கேட்டேவிட்டேன். எந்தக் கோபம் என்று அவள் கேட்கவில்லை. ஆய்கிற கையும் நிற்கவில்லை.

"ஒம்மேல என்ன கோவம். நாப்பது நாளு ஒங்கப்பா சாமிக்குன்னு குடுத்தாக. அந்த ஆறு ஞாயித்துக்கெழமதான், கணக்குத் தெரியாம, நமக்குக் குடுத்தாக பாப்பா."

அம்மாவும் இப்போது இல்லை. அப்படியொரு ஞாயிறு, கணக்குத் தெரிந்த பிறகு, எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.