ஐஸ் கம்பெனியில் மென்பொருள் ஓடிய விதம்

ஜெகதாப்பட்டினத்து ஐஸ் கம்பெனியில் நான் எங்கள் மென்பொருளை ஏற்றி வைத்துவிட்டு வந்த கணினியின் மேல் ஒரு பூத்துண்டு போர்த்தியிருந்தது. வைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போகும்போதெல்லாம் துண்டை எடுத்து மடித்து வைப்பேன். அடுத்த முறை போனால் மறுபடி போர்த்தியிருக்கும். எந்தப் படகுக்கு எத்தனை ஐஸ் கட்டி போனது, கிடங்கில் மிச்சம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் ஏறவேண்டும் என்பது முதலாளியின் ஆசை. அலுவலகத்தைப் பார்த்துக்கொண்ட அக்காவோ சீட்டில்தான் எழுதினார்.

"கோவிச்சுக்காதீங்க சார். இருபது படகு ஒண்ணா ஐஸ் கேட்டு நிக்கிறப்ப கரண்ட் போச்சுன்னா இத வச்சு நான் என்ன செய்ய? சீட்டு நனைஞ்சாக்கூட படிச்சுப்புடலாம்."

அவர் சொன்னது சரிதான். முதலாளியிடம் சொல்லி பேட்டரி வாங்க வைத்தேன். திரையில் இருந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கினேன். பதிவெண்ணுக்குப் பதிலாக, ஊரில் கூப்பிடும் பெயரைக் கொண்டே படகைத் தேடும்படி மாற்றினேன். அப்படியும் துண்டு விலகவில்லை.

பிறகு ஒருநாள், அக்காவின் கணவர் வேலைக்குப் போன விசைப்படகை எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படையினர் ஆட்களோடு பிடித்துப் போய்விட்டார்கள். இரண்டு வாரம் கழித்துத்தான் நான் அங்கே போனேன். அக்கா கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். அதுவரை சேர்ந்திருந்த சீட்டுகள் அத்தனையையும் ஏற்றி முடித்திருந்தார்.

"வீட்ல இருந்தா ஆளாளுக்கு வந்து கேக்குறாங்க சார். இங்கிட்டு வந்து இதையே பாத்துக்கிட்டிருந்தா ஒண்ணும் தோணல" என்றார். அழவில்லை. மாதக் கணக்கை அச்செடுப்பது எப்படி என்று காட்டிக்கொடுத்தேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

ஒரு மாதம் ஐஸ் எடுக்காத படகு பட்டியலிலிருந்து தானாக மறைந்துவிடும். அப்படித்தான் அமைத்திருந்தேன். ஒரு காலையில் போன் வந்தது.

"லிஸ்டுல எங்க படகக் காணோம் சார்."

சேர்த்துவிட்டேன். அடுத்த மாதமும் கூப்பிட்டார். அதற்கடுத்த மாதம் அவர் கூப்பிடும் முன்பே நானே சேர்த்துவிட்டேன்.

சில மாதங்களில் கணவர் திரும்பி வந்தார். படகு வரவில்லை. இருவரும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். தன் இடத்துக்கு வந்த பெண்ணுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் அக்கா கிளம்பினார் என்று முதலாளி சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. மென்பொருள் இன்றுவரை அங்கே தடையில்லாமல் ஓடுகிறது.

சென்ற வாரம் எங்கள் அலுவலகக் கூட்டத்தில், சின்ன கம்பெனிகளில் எங்கள் மென்பொருள் எங்கே, எதனால் நிலைக்கிறது என்று பேசச் சொன்னார்கள். முதலாளியின் அக்கறை, தமிழ்த் திரை, பேட்டரி, உள்ளேயே ஒருவர் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்வது என்று சொன்னேன். எதுவும் பொய்யில்லை.

"அந்த ஒருத்தரை எப்படி உருவாக்குறது?" என்று மேலாளர் கேட்டார்.

"நல்லா டிரெயினிங் குடுக்கணும் சார்" என்றேன். அவர் குறித்துக்கொண்டார்.