பாஸ்கல் அத்தான் தைத்த போர் விமான சீட்டு

என் அக்கா விஜிலாவின் வீட்டுக்காரர் பாஸ்கல் அத்தானுக்கு உலகத்தில் கிளிப்பச்சையும் ரோஸும்தான் நிறம். ஓரத்தைச் சுற்றி ஓட மஞ்சள் பைப்பிங் நாடா வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் லாரிக் கதவைத் திறந்ததும் கண் கூசினால், அது அவர் தைத்த சீட்டு. சாம்பல், காக்கி என்று எவனாவது கேட்டுவிட்டால் தீர்ந்தது. “ஏலே, சீட்டு கேக்கியா, துட்டி வீட்டுல பொணத்தக் கெடத்துற பாய் கேக்கியா?” என்று விரட்டிவிடுவார். பக்கத்தில் பேட்டரிக் கடை போட்ட பாவத்துக்கு, கோபித்துக்கொண்டு போகிறவர்களை டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்வது என் தலையெழுத்து.

இப்படி விரட்டினால் கடை விளங்குமா? ஈ ஓட்டினார். கடைசியில் ஷார்ஜாவில் இருக்கும் மாமா, ஒரு மெத்தைக் கம்பெனி விசாவை அனுப்பிவிட்டார். போனால் இரண்டு வருஷம் திரும்ப முடியாது. அக்கா அன்றிலிருந்து சோற்றைப் பிசைந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை.

அப்போதுதான் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் கல்லூரி, வாசலில் நிறுத்துவதற்காக ஓய்வுபெற்ற போர் விமானம் ஒன்றை வாங்கி வந்தது. அதன் சீட்டை எலி தின்றிருந்தது. தாளாளர் அத்தானிடம் ஒரு படத்தை நீட்டினார். “இதே மாதிரி தைங்க. சரியா வந்தா எங்க பஸ் சீட்டு வேலை முழுக்க உங்களுக்குத்தான்.”

பஸ் வேலை கிடைத்தால் ஷார்ஜா வேண்டாம்.

படத்தில் மங்கின பச்சை கான்வாஸ், கறுப்பு நாடா பெல்ட், தலை சாய்க்கும் இடத்தில் கறுப்புத் தோல். அத்தான் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

“இது லாரித் தார்ப்பாய்லா! உப்பு மூட்டைய மூடுறதுலயா பைலட்ட உக்கார வைக்கது?”

லாரி சீட்டுக்குப் போடும் ரெக்ஸின் வெயிலில் பளபளத்தால் மேல்கண்ணாடியில் பிரதிபலித்துப் பார்வையை மறைக்கும், தீப்பிடித்தால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும் என்று தாளாளர் பொறுமையாக விளக்கினார். அத்தான் காதில் ஏறவில்லை. அவசரத்துக்கு இழுத்தால் பைலட்டைச் சீட்டோடு வெளியே எறியும் கைப்பிடியில் மட்டும் மஞ்சளும் கறுப்பும் வரி வரியாக இருந்தது. “இந்த ஒரு எடத்துலதான் அவனுக்குப் புத்தி வேல செஞ்சிருக்கு” என்றார்.

அக்கா கிளிப்பச்சை ரெக்ஸினைச் சுருட்டி என் வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒளித்துவிட்டு, தையல் மெஷின் பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்தாள்.

“கலரு மாறிச்சின்னா நான் அம்மா வீட்டுக்குப் போயிருவேன்.”

“ஷார்ஜாவுக்குப் போறவன் நானு. நீ எங்கன போற?”

நிறம் மாறவில்லை. ஆனால் சீட்டின் அடித்தகடு பெட்டி போலக் குழிந்திருந்தது. மடித்த பாராசூட்டை அதில் வைத்து, அதன்மேல்தான் பைலட் உட்காருவாராம். எங்களுக்கு என்ன தெரியும்? லாரி சீட்டில் குழி கண்டால் ஃபோம் போட்டு நிரப்பி, மேலே இன்னும் இரண்டு அடுக்கு ஏற்றுவது அத்தான் வழக்கம். “ரோடு தெரியாத சீட்டு ஒரு சீட்டாலே?” என்று கேட்டு, விமானத்துக்கும் அப்படியே ஏற்றிவிட்டார்.

திறப்பு விழாவுக்கு அந்த ரக விமானத்தை ஓட்டிய தாணுலிங்கம் சார் வந்திருந்தார். ஏணியில் ஏறி உட்கார்ந்தார். கை தட்டினோம். கண்ணாடி மூடியை இறக்கினார்கள். அது அவர் மண்டையில் இடித்தது. குனியச் சொல்லி மறுபடி இறக்கினார்கள். மறுபடியும் இடித்தது. தாளாளர் முகம் கறுத்துவிட்டது. அக்கா என் கையைக் கிள்ளிய கிள்ளில் தோல் உரிந்தது.

“சார், எறங்குங்க. ஃபோமை எடுத்துரச் சொல்றேன்” என்றார் தாளாளர்.

தாணுலிங்கம் சார் இறங்கவில்லை. தலையைத் தடவிக்கொண்டே சாய்ந்து உட்கார்ந்தார்.

“இந்த மாதிரி ஒரு சீட்டுதான் என்னைய வெளிய தூக்கி எறிஞ்சு உயிரக் காப்பாத்திச்சு. அன்னைக்குப் போன முதுகு சார். அதுக்கப்புறம் எந்த நாற்காலியிலயும் வலிக்காம உக்காந்தது கெடையாது. இதுல வலிக்கல. கொஞ்ச நேரம் விடுங்க.”

கூட்டம் சிரித்தது. தாளாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அத்தானை அருகில் கூப்பிட்டார்.

“பிளேன்ல ஃபோமைக் குறைச்சிருங்க. இதே ஃபோமை எங்க பஸ்ல வைங்க. ஆனா கலர் மட்டும் நான் சொல்றதுதான். எல்லாமே சாம்பல்.”

அத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா முந்திக்கொண்டு, “சாம்பலே தைப்பாரு சார்” என்று சொல்லி, அத்தனை பேர் நடுவிலும் ஓவென்று அழுதுவிட்டாள்.

அத்தான் அவளைப் பார்த்தார்.

“ஏளா, நீ எதுக்கு அழுத? சாம்பக் கலரு தைக்கப்போறவன் நான்லா அழணும்!”