மூன்று நீலச் சட்டைகளும் ஒரு மெஷினும்

பிரான்ஸ் தேசத்துக்கு நான் போனது பழைய மெஷின் வாங்க. முதலில் வாங்கியது பழைய சட்டை. இதைப் பற்றி எங்கள் ஊர் திருத்தங்கலில் ஆளாளுக்கு ஒரு கதை சொல்லித் திரிந்ததால், நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மெஷின் துடைக்கிற வேலையில் தொடங்கி, மெஷின்மேன் ஆகி, நாற்பது வயதில் சொந்தப் பிரஸ் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தாளைத் தடவி அதன் கனத்தைச் சொல்லிவிடுவேன். படித்த பிள்ளைகள் அதையே தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு, அண்ணாச்சி சொன்னது சரிதான் என்பார்கள்.

அப்போது என்னிடம் இருந்தது ஒற்றைக் கலர் மெஷின் இரண்டு. காலண்டருக்கு ஒரு சாமி படம் முடிய, ஒரே தாளை நாலு தடவை ஏற்றி இறக்க வேண்டும். நாலு கலரையும் ஒரே ஓட்டத்தில் அடிக்கிற மெஷின் வைத்திருந்தவர்கள் ஆர்டரை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். புதிது வாங்க நம்மால் ஆகாது. பிரான்ஸில் ஒரு சின்ன ஊரில் பிரஸை மூடிவிட்டார்கள், மெஷின் விலைக்கு வருகிறது என்று சென்னைத் தரகர் சொன்னார். வீட்டையும் பிரஸ் இடத்தையும் பாங்கில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். மெஷின் நல்லதாக அமைந்தால் பிரஸ் நிற்கும். கோளாறானதாக அமைந்தால், மறுபடியும் இன்னொருவர் மெஷினில் போய் நிற்க வேண்டியதுதான். கப்பல் ஏறிவிட்ட பழைய மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்கிறவன் எந்த தேசத்திலும் கிடையாது.

மொழி சொல்ல எனக்கு அங்கே ஒருவர் வாய்த்தார். பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்குகிறவர். என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை முசே என்பார். அந்த ஊரில் ஐயா என்பதற்கு அதுதான் சொல்லாம்.

சனிக்கிழமை போய்ச் சேர்ந்தோம். பிரஸ் கேட் பூட்டிக் கிடந்தது. திங்கட்கிழமைதான் மெஷினை ஓட்டிக் காட்டுவார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். கேட்டின் மேல் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு சாவிப் படம், கீழே பிரெஞ்சு எழுத்து. அந்த எழுத்தைப் படிக்க எனக்குத் தெரியாது. ஆனால் நான் லேபிள் அடித்தே வளர்ந்தவன், ஒரு முத்திரையை ஒருமுறை பார்த்தால் சாகும்வரை மறக்காது.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் டீக்கடைகூடத் திறக்கவில்லை. செப்டம்பர் கடைசி. வெயில் நன்றாகத்தான் அடித்தது, காற்று மட்டும் எலும்புக்குள் போனது. நான் வெள்ளைச் சட்டையோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்துப் பட்டாளத்தார் சிரித்தார்.

“இன்னா முசே, வெடவெடன்னு நடுங்குற. வா, சந்தைக்குப் போவோம். ஒரு கோட்டு எடுத்துக்க.”

“ஞாயித்துக்கெளம எந்தக் கடை தொறந்திருக்கும்ணே?”

“கடை இல்ல முசே. பழசு விக்கிற சந்தை.”

மாதா கோயில் முன்னால் இருந்த திடல் முழுக்க மேஜை. மேஜை நிறையப் பழைய துணி. யாரோ ஒரு பெண் என்றைக்கோ கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைக் கவுன், நரித்தோல் வைத்த கோட்டு, பொத்தான் போன கம்பளி, கிழவர்கள் தொப்பி, ஒரு கூடை நிறையப் பட்டுக் கழுத்துத்துணி. மரத்தில் இருந்து ஒன்றிரண்டு மஞ்சள் இலை அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. ஏழைபாழைகள் வருகிற சந்தை என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். பார்த்தால் ஓரத்தில் நிற்பதெல்லாம் பளபளப்பான கார். சென்ட் வாசனை அடிக்கிற பெண்கள் அடுத்தவர் போட்டுக் கழித்த கோட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி முகத்திலும் கூச்சம் இல்லை.

நான் கல்யாணத்துக்கு முன்னால் மதுரைப் பிளாட்பாரத்தில் ஒரு பழைய பேண்ட் வாங்கி, ஊர் வந்து சேரும்வரை பேப்பரில் சுற்றி மறைத்துக்கொண்டு வந்தவன். பெண் பார்க்கப் போனதே அந்தப் பேண்டில்தான். என் மனைவிக்கு இது இன்றுவரை தெரியாது, இதைப் படித்தால்தான் தெரியும். முதலாளி ஆன பிறகு வெள்ளைச் சட்டை தவிர வேறு உடுத்தியதில்லை. மை பட்ட சட்டையை வீட்டு வாசலுக்கு உள்ளே விட்டதும் இல்லை.

ஒரு மேஜையில் நீலச் சட்டையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். முரட்டுப் பருத்தித் துணி, மூன்று பை, வெள்ளை நூல் தையல். வெளுத்தது, ஒட்டுப் போட்டது, கறை பிடித்தது என்று வகைவகையாக இருந்தது.

“தொழிலாளிங்க வேலைக்குப் போட்ட சட்டை முசே,” என்றார் பட்டாளத்தார். “இப்ப பணக்காரப் புள்ளைங்க பேஷனுக்குப் போட்டுக்குதுங்க.”

எனக்கு நம்ப முடியவில்லை. கறை உள்ள ஒன்றையும் கறை இல்லாத ஒன்றையும் எடுத்து விலை கேட்கச் சொன்னேன். மூக்குக்கண்ணாடி போட்ட கடைக்கார அம்மா, கறை உள்ளதற்குத்தான் அதிகம் சொன்னாள்.

“மாத்திச் சொல்லுதாகளோ? கறை இருந்தா வெல கொறையணும்லா?”

“இல்ல முசே. கறை இருந்தாதான் அசலாம். கறை இல்லன்னா அவன் வேலையே செய்யலன்னு சொல்றா.”

அந்த அம்மா மேல் எனக்கு மரியாதை வந்தது. இருந்தாலும் விடாமல் கறைச் சட்டையைத் திருப்பினேன். நெஞ்சில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் சாவி. பக்கத்தில் தொங்கியதைத் திருப்பினேன். அதிலும் அதே சாவி. நான் நாளைக்கு மெஷின் பார்க்கப் போகிற பிரஸ் சட்டை. எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, மூடிய பிரஸின் அலமாரியில் இருந்து மொத்தமாக எடுத்தேன் என்றாள் கடைக்கார அம்மா.

அதற்குப் பிறகு எனக்குக் குளிரவில்லை.

முதல் சட்டையை மேஜையில் விரித்தேன். இடது கையில் மஞ்சளும் கறுப்பும் அங்கங்கே தெறித்திருந்தது. நாலு கலர் மெஷினில் நிற்கிறவன் சட்டை அப்படித்தான் இருக்கும். ஆனால் வலது கை மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை ஒரே இருட்டாக இருந்தது. நீலத் துணியில் என்ன கலர் ஏறியிருக்கிறது என்று சட்டென்று தெரியாது. கையின் மடிப்பைப் பிரித்துத் தையலைப் பார்த்தேன். வெள்ளை நூல் பொய் சொல்லாது. சிவப்பு. பழைய சிவப்பின் மேல் புதுச் சிவப்பு, அதன் மேல் இன்னும் புதுசு.

இரண்டாவது சட்டை இதைவிடச் சின்ன ஆளுடையது. அதிலும் வலது கை, முழங்கை வரை, சிவப்பு.

நான் நூலைப் பிரித்துப் பார்ப்பதையும் மோந்து பார்ப்பதையும் கவனித்த கடைக்கார அம்மா ஏதோ கேட்டாள். பட்டாளத்தார் விழுந்து விழுந்து சிரித்தார்.

“உன்னிய ஜப்பானுக்குச் சரக்கு எடுக்க வந்த ஆளான்னு கேக்குறா. அவங்கதான் இம்மாம் நோண்டிப் பார்ப்பாங்களாம். வெலைய ஏத்திடப் போறா, கம்முனு இரு.”

“அண்ணே, சிரிக்காம அங்கன பாருங்க. அந்தப் பிள்ள போட்டிருக்கிறதும் அதே சட்டதான். அது வலது கையப் பாக்கணும்.”

பத்தடி தள்ளி, இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, இரண்டுக்கும் நடு அளவான மூன்றாவது சாவிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முசே! முன்னப் பின்ன தெரியாத பொண்ணு கிட்ட போயி சட்டையக் காட்டுன்னு கேக்கச் சொல்றியே, எனக்கு மாசாமாசம் பென்சன் வரணுமா வாணாமா?”

“கேளுங்கண்ணே. என் பிரஸே அந்தக் கையிலதான் இருக்கு.”

என்ன சொல்லிக் கேட்டாரோ தெரியாது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே என் முன்னால் வந்து, வளையல் போட்டுப் பார்க்கக் கொடுக்கிற மாதிரிக் கையை நீட்டினாள். வலது கை, முழங்கை வரை, சிவப்பு. இந்தக் கறைக்காகத்தான் இதை எடுத்தேன், எவ்வளவு அழகு பாருங்கள் என்றாளாம்.

அழகுதான். ஆனால் நான் பட்டாளத்தார் பக்கம் திரும்பினேன். “ஒரு ஆளு சட்டையில இருந்தா அது ஆளோட கொணம்ணே. மூணு ஆளு சட்டையிலயும் ஒரே எடத்துல இருந்தா அது மெஷினோட கொணம்,” என்றேன். நாலு கலர் மெஷினில் கலருக்கு ஒரு யூனிட். சிவப்பு அடிக்கிற யூனிட்டுக்குள் மூன்று பேரும் மாறி மாறி, நாள் தவறாமல், முழங்கை வரை கையை விட்டிருக்கிறார்கள். சொகுசாக ஓடுகிற மெஷினுக்குள் எவனும் கையை விட மாட்டான்.

அந்தப் பெண் தன்னுடையதை விட்டுத்தரவில்லை. மற்ற இரண்டையும் நான் வாங்கினேன்.

ராத்திரி மனைவிக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“ஏங்க, உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிருச்சா? மெசினு வாங்கப் போன எடத்துல பளைய சட்டைய வாங்கி வச்சிருக்கேன்னு சொல்லுதீக. செத்தவுக சட்டையா இருந்தா என்ன செய்வீக?”

“உசுரோட இருக்கிறவன் சட்டதான்டி.”

“எப்பிடித் தெரியும்? மோந்து பாத்தீகளா?”

“மோந்துதான் பாத்தேன்.”

சட்டைப் பேச்சை அவள் அதோடு விட்டாள். பிறகு, “வீட்ட வச்சுட்டுப் போயிருக்கீக. நல்லாப் பாத்து வாங்குங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை பிரஸ் முதலாளியின் மகன் கேட்டைத் திறந்தான். டை கட்டின பையன், முப்பது வயது இருக்கும். மெஷின் ஓட்டிக் காட்ட அங்கே வேலை பார்த்த பழைய மெஷின்மேனை வரவழைத்திருந்தான். என் வயது, என்னைவிட இரண்டு மடங்கு உடம்பு. ஐந்நூறு தாள் ஓட்டினார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளி விலகவில்லை, வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

“கண்ணாடியாட்டம் அடிக்குது முசே,” என்றார் பட்டாளத்தார்.

“மூவாயிரம் ஓட்டச் சொல்லுங்க.”

தாள் இல்லை என்றான் பையன். தாளுக்கு நான் காசு தருகிறேன் என்றேன். வேறு ஆளும் மெஷினைக் கேட்டிருக்கிறார், இன்றைக்கே முடிவு சொல்ல வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்தான். இந்தக் கடிகாரம் பார்க்கிற வேலை எல்லாம் விருதுநகர் மிளகாய் மண்டியிலேயே நான் பார்த்தது. பையைத் திறந்து, இரண்டு சட்டையையும் தாள் அடுக்குகிற மேஜையில் விரித்துப் போட்டேன்.

பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெஷின்மேனுக்கு விளங்கியது. அருகில் வந்து பெரிய சட்டையைத் தூக்கிப் பார்த்தார். அதில் ஒரு பொத்தான் மட்டும் பழுப்பாக, மாற்றித் தைத்தது. அதைத் தொட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் சட்டையின் வலது கையைத் தூக்கி, மெஷினில் சிவப்பு யூனிட்டைக் காட்டினேன்.

அவர் பையனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு போய், சிவப்பு யூனிட் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டார். கறை எதுவரை இருந்ததோ அதுவரை கை உள்ளே போனது.

அவர் சொன்னதைப் பட்டாளத்தார் எனக்குச் சொன்னார். படம் ஏற்றிய பிளேட்டில் மை ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது தண்ணீர் ரோலர். இந்த யூனிட்டில் அந்த ரோலரின் ஒரு பக்கத்துப் பேரிங் தேய்ந்து போயிருக்கிறது. ஆயிரம் தாள் ஓடியதும் அந்தப் பக்கம் ரோலர் தூக்கிக்கொள்ளும், வெள்ளையில் சிவப்பு படரும். மெஷினை நிறுத்தி, கையை விட்டு, பிளேட்டைத் துடைத்து, ரோலரை அமுக்கி உட்கார வைக்க வேண்டும். நாலு வருடமாக இப்படித்தான். கடைசியில் புதுப் பேரிங் வாங்கினார்கள். அது வந்து இறங்கிய வாரத்தில் பிரஸை மூடப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பெட்டி பிரிக்காமல் ஸ்டோரில் கிடக்கிறது.

“அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னான்னு கேட்டேன் முசே. யாரும் கேக்கலயேங்கறாரு.”

பையன் தனக்குத் தெரியவே தெரியாது என்றான். தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருந்திருக்கலாம். டை கட்டினவன் ரோலரைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டான்.

நான் சொன்னேன்: “பேரிங்கு மாட்டி, மூவாயிரம் ஓட்டட்டும். எத்தன நாளானாலும் இருக்கேன். சரியா வந்தா எடுத்துக்கிடுதேன். வரலன்னா இந்த ரெண்டு சட்டையோட ஊருக்குப் போயிருதேன்.”

இரண்டு நாள் பிடித்தது. வெள்ளைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, சின்னச் சட்டையை நான் போட்டுக்கொண்டேன். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு மைச் சட்டை. அவருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. ஆனால் எந்த ஸ்பேனர் வேண்டும் என்று அவர் கையை நீட்டுவதற்குள் நான் எடுத்துக் கொடுத்தேன். பையன் எங்களைப் பார்த்துவிட்டு, இவர் உண்மையிலேயே முதலாளிதானா என்று பட்டாளத்தாரிடம் கேட்டானாம்.

“நீங்க இன்னா சொன்னீங்கண்ணே?” என்றேன், அவர் பேச்சையே பிடித்துக்கொண்டு.

“முதலாளி மெட்ராஸ்ல இருக்காரு, இவரு கூலி ஆளுன்னு சொல்லிட்டேன்,” என்றார்.

மூன்றாம் நாள் காலையில் தாள் ஏற்றினோம். ஐந்நூறு சரி. எண்ணூறு. ஆயிரம் நெருங்கும்போது மெஷின்மேன் தன்னை அறியாமல் சிவப்பு யூனிட் பக்கம் நகர்ந்தார். நாலு வருடப் பழக்கம். நான் தாளை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளை வெள்ளையாக இருந்தது. ஆயிரத்து ஐந்நூறு. இரண்டாயிரம். ஒவ்வொரு நூற்றுக்கும் ஒரு தாள் உருவிப் பார்த்தேன். ஒன்றிலும் சிவப்பு படரவில்லை. மூவாயிரம் முடிந்தபோது அந்த மனிதர் இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, மெஷினுக்கு ஓரமாக, செய்ய வேலை இல்லாதவர் போல நின்றார்.

பையன் பத்துப் பன்னிரண்டு பக்கக் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினான். பட்டாளத்தார் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“எல்லாம் பிரெஞ்சுல இருக்குது முசே. பூராவும் படிச்சிச் சொல்லட்டா?”

“படிச்சாச்சுண்ணே,” என்றேன். “கையெழுத்து எங்கன போடணும்னு மட்டும் காட்டுங்க.”