ஐந்து பேர் ஆபீஸில் எங்கள் அம்மா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பாதிப் பேராவது அம்மாவிடம் ஒரு முறை கேட்டிருப்பீர்கள்: "இன்னும் அதே ஆபீஸ்தானா?" கல்யாணப் பந்தியில் இலை போடுவதற்குள் கேட்டவர்களும் உண்டு. அம்மா சிரித்துக்கொண்டே, "அதே ஆபீஸ், அதே நாற்காலி" என்பார். முழுப் பதிலை அவர் யாருக்கும் சொன்னதில்லை. முதலாம் ஆண்டு நினைவு நாளில் அவருக்காக நான் சொல்லிவிடுகிறேன். வேகமாகப் பேசுகிறவள் நான். எழுத்தும் அப்படித்தான் வருகிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பிறந்தது செங்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை பயிரிடும் குடும்பத்தில், நான்கு பெண்களில் மூன்றாவதாக. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ.யில் கட்டடப் படம் வரையும் பிரிவில் சேர்ந்தார். மழை பொய்த்ததால் ஓராண்டு படிப்பு நின்றது. மறுவருடம் தானே பஸ் ஏறிப் போய்த் திரும்பச் சேர்ந்து முடித்தார். கல்யாணமாகி, தீபம் ஏற்றும் மலைக்குப் பக்கத்திலிருக்கும் வேங்கிக்கால் வந்த மூன்றாவது மாதமே வேலை கிடைத்தது. ஜெராக்ஸ் கடை மாடியில் இரண்டு அறை. அதுதான் இன்ஜினியரிங் ஆபீஸ். இன்ஜினியர் சார், படம் வரைய அம்மாவும் இன்னொருவரும், சைட் பார்க்க ஏழுமலை அண்ணன், அனுமதி வாங்க அலைவதற்கு ஒருவர். மொத்தம் ஐந்து பேர். அம்மாவின் கடைசி நாள்வரை ஐந்து பேர்தான்.

நான் வேலை பார்ப்பது சென்னைக்கு வெளியே, எட்டு மாடி, கழுத்தில் அட்டை தொங்கும் கம்பெனி. இரண்டு வருடமாக ஒரு காரின் கதவுக் கீலை வரைந்துகொண்டிருக்கிறேன். அம்மா போனில் தவறாமல் விசாரிப்பார்.

"கீல் எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதும்மா."

"கதவு எப்படி வந்துச்சு?"

"அது வேற டீம் பாக்குதும்மா."

"அடிப்பாவி, கதவையே பாக்காம கீல் போடுறியா?"

அம்மா அப்படியில்லை. மண்ணைத் தோண்டிப் பார்க்கும்போதே அங்கே நிற்பார். படம் வரைவார், கம்பி கட்டுவதைப் பார்ப்பார், கிரகப்பிரவேசத்தில் சாப்பிட்டுவிட்டும் வருவார். கம்ப்யூட்டர் வந்தபோது ஐந்து பேரும் ஒரே திரைமுன் முட்டிமோதிக் கற்றுக்கொண்டார்கள். சந்தேகம் வந்தால் நாலு அடி வைத்தால் சார் மேஜை. எங்கள் கம்பெனியில் ஓர் அளவைத் திருத்த நான் அனுப்பும் மெயில்களைச் சொன்னபோது, "ஏன், அவருக்குக் காது கேக்காதா?" என்று நிஜமாகவே கேட்டார்.

சின்ன ஆபீஸின் பெருமையை நான் கண்ணால் பார்த்த நாள் ஒன்று உண்டு. அப்போது நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. அப்பா காலில் அடிபட்டு வீட்டிலிருந்தார்; சம்பளம் என்று வந்தது அம்மாவுடையது மட்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் அவர்கள் கட்டிக்கொண்டிருந்த ஒரு லாட்ஜின் மொட்டை மாடிக்கு அன்று காலை கான்கிரீட். எங்கள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா, மலையைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயையோ, அது குடோன் படம்டி!"

அவசரத்தில் ஒரு பழைய குடோன் கூரையின் படத்தை எடுத்து, நீள அகலத்தை மாற்றி, கம்பியின் இடைவெளியை மாற்ற மறந்திருக்கிறார். ஐந்து அங்குலத்துக்கு ஒரு கம்பி வர வேண்டிய இடத்தில் எட்டு அங்குலத்துக்கு ஒன்று. குடோன் கூரையில் யார் ஏறப்போகிறார்கள்? ஆனால் நம்மூரில் மலை தெரியும் மொட்டை மாடி என்றால், கார்த்திகை தீபத்தன்று கால் வைக்க இடமிருக்காது. அந்த ஆபீஸில் மொட்டை மாடிக்குக் கணக்குப் போடுவதே அந்தக் கூட்டத்தை வைத்துத்தான்.

சும்மா இருந்திருந்தால் அன்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது. கான்கிரீட் எல்லாவற்றையும் மூடிவிடும். சொன்னால் வேலை போகலாம். சாருக்குப் போன் செய்தார், எடுக்கவில்லை. ஏழுமலை அண்ணனுக்கும் செய்தார். மிஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "வண்டிய எடுடி" என்றார்.

நாங்கள் போனபோது கலவை மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது. முதல் கலவை தயார்.

"மேஸ்திரி, மிஷின நிறுத்துங்க. கம்பி தப்பு. நான்தான் தப்பா போட்டேன்."

லாட்ஜ் ஓனருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, படம் போடுறவங்க நீங்க. இன்ஜினியரு வந்து சொல்லட்டும். தீபத்துக்குள்ள ரூம் திறக்கணும் எனக்கு. மாடி மேல எவன் ஏறப்போறான்?"

"தீபத்தன்னிக்கு நீங்களே ஏத்துவீங்க சார். சொந்தக்காரங்க மட்டும்னு ஆரம்பிப்பீங்க, அப்புறம் படிக்கட்டுலயும் நிப்பாங்க."

சித்தாள்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஓனருக்கும் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டார். அதற்குள் ஏழுமலை அண்ணன் மிஷினை நிறுத்தியிருந்தார். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. அம்மா நிறுத்தச் சொன்னார், நிறுத்தினார்.

ஏழுமலை அண்ணன் திரும்பத் திரும்பப் போன் போட்டதில், பத்து நிமிடத்தில் சார் ஸ்கூட்டரில் வந்தார், தலை ஈரத்தோடு. மணல் குவியலில் உட்கார்ந்து, சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைக் கிழித்துக் கணக்குப் போட்டார். நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அஞ்சுதான் வருது. அம்மா சொல்றது சரி" என்று எழுந்தார் சார். பிறகு ஓனரிடம், "படத்துல என் கையெழுத்தும் இருக்குது சார். ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க" என்றார்.

கலந்த கலவை வீணாகாமல் பின்வாசல் படிக்குப் போனது. அம்மா அங்கேயே ஒரு செங்கல்லைப் போட்டு உட்கார்ந்து, கூடுதல் கம்பி கட்டி முடிக்கும்வரை அளந்துகொண்டே இருந்தார். மாலையில் சார் எல்லோருக்கும் போண்டா வாங்கினார். "உங்க பங்குல ஒண்ணு கம்மி" என்று அம்மாவைச் சீண்டினார். தண்டனை அவ்வளவுதான்.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோதும் அந்த ஆபீஸ் அப்படியேதான் இருந்தது. வேலையை விடச் சொல்லி நான் சண்டை போட்டேன். அவர்களோ மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்தி, தலையணை வைத்து, முடிந்த நேரம் வந்தால் போதும் என்றார்கள். அந்த மாதங்களில் அம்மா வரைந்த வீடுகளில் இன்று குடும்பங்கள் இருக்கின்றன.

ஆஸ்பத்திரியில் முறைவைத்து உடனிருந்த ஆபீஸ்காரர்கள் நால்வருக்கும், இரண்டு மாதம் எங்களுக்குச் சோறு கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், ஊரிலிருந்து வந்து தங்கி அம்மாவைக் குளிப்பாட்டிய பெரியம்மாக்களுக்கும் சித்திக்கும், வலிக்காமல் ஊசி போட்ட நர்ஸ் அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொரு நன்றி அந்த லாட்ஜ் ஓனருக்கு. அம்மாவின் கடைசி கார்த்திகை தீபத்துக்கு அவரே வீட்டுக்கு வந்து, "அம்மா நம்ம மாடிக்கு வரணும்" என்று அழைத்தார். நாற்காலியோடு அம்மாவை நானும் ஏழுமலை அண்ணனும் மேலே தூக்கிப் போனோம். மாடி முழுக்க ஜனம், படிக்கட்டிலும் ஜனம். மலையுச்சியில் தீபம் தெரிந்ததும் எல்லோரும் கை தூக்கி அரோகரா என்றார்கள். அம்மா மட்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா பாக்குற?"

"எவ்ளோ பேருன்னு பாக்குறேன். ஏதாவது அதிருதா?"

செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் நின்று பார்த்தேன். "இல்லம்மா. கல்லு மாதிரி நிக்குது."

"அப்ப சரி" என்றார் அம்மா. அதன் பிறகுதான் தலை நிமிர்ந்து மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அன்புடன்,
மகள்