கசப்பக்காவும் புது மெஷினும்

மருந்துத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் 'கசப்பக்கா'. காய்ச்சல் கஷாயத்துக்கு வரும் நிலவேம்புப் பொடியைப் பதினெட்டு வருடமாக நாக்கில் வைத்துச் சோதிப்பவள். அந்தக் கசப்புக்குக் காரணமான ஆன்ட்ரோகிராஃபோலைடு இலையில் அதிகம், தண்டில் குறைவு. அதை அளக்கப் புது மெஷின் வந்த அன்று, மேலாளர் அதன் முன்னாலேயே பெண் பார்க்க வந்தவர் போல் உட்கார்ந்திருந்தார்.

அக்கா ஒரு சிட்டிகை பொடியை வாயில் போட்டாள். முகம் சுளிக்கவே இல்லை.

"இது தேறாது சார். தண்டைச் சேர்த்து அரைச்சிருக்காங்க."

"மெஷின் சொல்லட்டும்மா."

மெஷின் நாற்பது நிமிடம் முனகிவிட்டு அதையேதான் சொன்னது.

மேலாளர் தொண்டையைச் செருமினார். "நாளைக்கு லீவு கேட்டிருந்தீங்கல்ல?"

"ஆமா சார். அதான் மெஷின் இருக்கே."

"அது சரியாச் சொல்லுதான்னு யாரும்மா பார்க்கிறது?"

அக்கா லீவை ரத்து செய்யவில்லை. வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினாள்.