பூசையில் வைத்த பம்பு

இலங்கை மலைநாட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கவர்மெண்டு பம்பு வந்தது ஐம்பதுகளில். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு லயம், தொழிலாளர் வரிசை வீடுகள், முழுக்க எரிந்து போனபிறகு, தீயணைக்கும் சாமான்கள் வாங்க அரசாங்கம் மானியம் கொடுத்திருக்கிறது என்றார்கள். சிவப்புச் சாயம் பூசிய கைப்பம்பு, நீளமான கித்தான் குழாய், மணல் வாளிகள், அடிபட்டவரைத் தூக்க ஒரு ஸ்ட்ரெச்சர். இவற்றை வைக்கத் தகரக் கொட்டில் ஒன்றும் அந்தப் பணத்திலேயே எழும்பியது. நாங்கள் இந்த நாட்டு ஆட்களே இல்லை என்று சட்டம் போட்ட அதே கவர்மெண்டு எங்களுக்குப் பம்பு கொடுத்ததில் லயமே வாயடைத்துப் போயிருந்தது. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் அல்லவா? தோட்டத்து ஆபீஸ் அதை வெளியே எடுத்துவிடுவதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது.

பம்புக்குப் பொறுப்பு என் அப்பா. தேயிலை பதப்படுத்தும் கொழுந்து ஸ்டோரில் மெஷின் வேலை பார்த்தவர், சிங்களமும் நன்றாகப் பேசுவார். கச்சேரி என்கிற அரசாங்க ஆபீஸிலிருந்து வந்த உத்தியோகத்தர் அவருக்குத்தான் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அதன்பின் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துடைப்பதும் எண்ணெய் போடுவதுமாகவே இருந்தார். அம்மா அதைச் சக்களத்தி என்றே சொல்வாள்.

அந்த வருடம் ஆயுத பூசை வந்தது. செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்துக் கூடை எல்லாம் மாரியம்மன் கோயிலுக்குள் வரிசையாகப் போய்ச் சேர்ந்தன. பூசையில் வைத்ததை மறுநாள் மறுபூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. காய்கறியைக்கூட முதல் நாளே நறுக்கி வைத்துவிடுவோம். அப்பா பம்பையும் உருட்டிக்கொண்டு வந்து சாமிக்கு முன்னால் நிறுத்தினார். அதற்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. ஆபத்துக்கு என்று வைத்திருக்கும் சாமானைக் கட்டிப்போடலாமா என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, பெருமையாக இருந்தது.

பூசை முடிந்து பிரசாதம் கொடுக்கும் நேரத்தில் புகை கிளம்பியது. கோயிலிலிருந்து பார்த்தால் மேட்டிலிருக்கும் மேல் லயத்தின் தகரக் கூரைதான் தெரியும். நாங்கள் இருந்த கீழ் லயத்தைச் சரிவு மறைத்துவிடும். மேல் லயத்துக் கூரைமேல் புகை திரண்டு நின்றது. மேல் லயத்தில் தீ என்று யாரோ கத்தினார்கள்.

மேல் லயத்து அக்கா ஒருத்தி எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். புருஷனை இழந்தவள், ஒரே மகள். அந்தப் பிள்ளை காய்ச்சலில் காம்பிராவுக்குள், அவர்களுடைய ஒற்றை அறைக்குள், தனியாகப் படுத்திருந்தது. அவள் பிரசாதத்தைக் கீழே போட்டுவிட்டு அப்பாவின் காலைப் பிடித்தாள்.

"அண்ணே, எம் புள்ள உள்ள கெடக்கு. பம்ப எடுங்கண்ணே."

அப்பா கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

"பூச போட்டாச்சு தங்கச்சி. நாளைக்கி மறுபூச முடியாம கை வைக்கக் கூடாது. ஆளுங்கள வாளியோட அனுப்புறேன், நீ ஓடு."

நான் பயந்தேன். தீயைப் பார்த்து அல்ல, அப்பாவைப் பார்த்து. எறும்பை மிதித்தால்கூட ஐயோ என்கிற மனுஷன் அவர். சுற்றி நின்றவர்களில் ஒருவராவது ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தேன். ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பூசாரி கண்ணை மூடிக்கொண்டார். அக்கா எழுந்து தலைமயிர் அவிழ்ந்தது தெரியாமல் மேட்டில் ஏறி ஓடினாள். வாளிகளோடு சிலர் அவள் பின்னால் ஓடினார்கள்.

கொஞ்ச நேரத்தில் மேட்டிலிருந்து அவள் குரல் கேட்டது. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கையை வீசிக் கத்தினாள்.

"இங்க இல்ல! கீழ் லயம்! ஒங்க காம்பிராண்ணே!"

தீ எரிந்தது கீழே. அந்தப் புகைதான் சரிவோடு ஏறி மேல் லயத்தில் நின்றிருக்கிறது. எங்கள் அடுப்புக்கு மேல் பரணில் அடுக்கிய விறகு பற்றிக்கொண்டிருந்தது. உள்ளே தொட்டிலில் என் கடைசித் தம்பி. அவனைத் தூங்கவைத்துவிட்டு அம்மா பொங்கல் பானையைப் பார்க்கக் கோயிலுக்கு வந்திருந்தாள்.

அப்பா பூசாரியைப் பார்க்கவில்லை, சாமியையும் பார்க்கவில்லை. மாலையைப் பிய்த்து எறிந்தார். குத்துவிளக்கு உருண்டது. பம்பை அவர் இழுத்துக்கொண்டு ஓட, வேண்டாம் என்று தலையை ஆட்டிய பெரிய கங்காணியே பின்னால் நின்று தள்ளினார். மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரைப் பிடித்துப் பிடித்துப் பம்பில் ஊற்றினோம், ஆண்கள் மாறி மாறி அடித்தார்கள். நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு அப்பா உள்ளே போய்த் தம்பியைத் தூக்கி வந்தார். அவன் இருமினான், பிறகு வீறிட்டு அழுதான். அம்மா அவனை வாங்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் சுமந்தவர்களில் அந்த அக்காவும் இருந்தாள். மகளைப் பக்கத்துக் காம்பிரா வாசலில் உட்காரவைத்துவிட்டு, எங்கள் வீட்டுத் தீ அணையும்வரை குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினாள். எல்லாம் அடங்கியபின் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள். சேலை முழுக்க ஈரம். அவள் குரல் உயரவே இல்லை.

"எம் புள்ளைக்கி மட்டும் நாளைக்கா, அண்ணே?"

அப்பா பம்பின் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார். அவள் மகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிப் போனாள்.