கிழக்கு மூலையில் ஒரு வாசல்

லேக் கார்டன்ஸில் எங்கள் பேங்க் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு காலி மைதானம் இருந்தது. தொண்ணூறுகளில் தினமும் விடிந்ததும் அங்கேதான் நடப்பேன். லேக் மார்க்கெட்டில் காப்பிக்கொட்டை அரைத்துக் கொடுக்கிற ஒருவரும் வருவார். என்னைப் போலவே ஊர்விட்டு வந்த ஒல்லியான தமிழர். சட்டையில் எப்போதும் சிக்கரி வாசனை. கிழக்கு மூலைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, பத்துப் பன்னிரண்டு அடி வெறுங்காலோடு நடப்பார். புல்லில் நடந்தால் கண்ணுக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழைகளுக்கு அந்த இடத்தில் சின்னச் சின்ன ஃபிளாட் கட்ட கார்ப்பரேஷன் பணம் ஒதுக்கியது. குவார்ட்டர்ஸ்காரர்கள் நாங்கள் பதறிப்போய், அதே பணத்தில் பூங்கா வையுங்கள் என்று மனு எழுதினோம். கையெழுத்துக்காக அவரிடமும் நீட்டினேன்.

முழுக்கப் படித்தார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"நான் அந்த ஃபிளாட்டுக்கு எழுதிப் போட்டிருக்கேன் சார். நாங்க அஞ்சு பேர், ஒரே ரூம்."

"குலுக்கல்தானே? உங்களுக்கே விழும்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் இல்லதான். அதுக்காக வீட்டுக்குள்ள செருப்போட நடக்க முடியுமா?" என்றவர், காலடியைக் காட்டினார். "இது வாசல். அங்க ஜன்னல்."

எங்கள் மனு ஜெயித்தது. பூங்கா வந்தது, பெஞ்சுகள் வந்தன. அவர் வரவில்லை. கடைக்குப் போனால் மட்டும், "பீபரிதானே சார்?" என்று என் வழக்கமான கொட்டையைப் பழைய சிரிப்போடு அரைத்துக் கொடுப்பார்.

மாற்றலாகும்வரை அங்கேதான் நடந்தேன். கிழக்கு மூலை வந்தால் ஒதுங்கிச் சுற்றிப் போவேன். உள்ளே ஐந்து பேர் இன்னும் எழுந்திருக்கவில்லை என்றே தோன்றும்.